கணையத்தில் ஒரு சளிக்கட்டி: மியூசின் எந்தப் பக்கம், எந்த உருவில்?

இது ஒரே நோயாளியின் கோப்பிலிருந்து எடுத்தது அல்ல. கணையச் சளிக்கட்டிகளில் அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்களை ஒன்றாக வைத்துப் பார்ப்பதற்காக, கற்பித்தல் நோக்கில் தொகுத்த மாதிரி நிகழ்வு. நோயாளியின் அளவுகள் மாதிரிக்கு உரியவை. வரம்பெண்களும் சாய முறைகளும் நடைமுறையில் உள்ளவை.

வந்தபோது

66 வயதுப் பெண். ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு முறை கடும் மேல்வயிற்று வலி, இரண்டு முறையும் இரத்தத்தில் கணைய நொதியான அமிலேஸ் உயர்வு. மதுப் பழக்கம் இல்லை, பித்தப்பையில் கல் இல்லை. எட்டு மாதங்களுக்கு முன் நீரிழிவு புதிதாகத் தொடங்கியிருந்தது. மஞ்சள் காமாலை இல்லை. இந்த வயதில் காரணம் தெரியாத கணைய அழற்சி திரும்பவும் வந்தால், கணைய நாளத்தை உள்ளிருந்து ஏதோ அடைக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இவருக்கு அடைத்தது சளி.

எம்ஆர்ஐ படத்தில் முதன்மைக் கணைய நாளம் 11 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. இயல்பில் அது 3 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கணையத் தலைப்பகுதியில் நாளத்தோடு தொடர்புள்ள 34 மில்லிமீட்டர் நீர்ப்பை ஒன்று. அதன் உட்சுவரில் இரண்டு முண்டுகள், ஒன்று 7 மில்லிமீட்டர், மற்றொன்று 9 மில்லிமீட்டர். நாளத்துக்குள் விரல்போன்ற மடிப்புகளாக வளர்ந்து, சளிக்குக் கெட்டித்தன்மை தரும் மியூசினைச் சுரக்கும் இந்தக் கட்டியை மருத்துவர்கள் ஐபிஎம்என் என்று சுருக்கிச் சொல்வார்கள்.

2024இல் வெளியான கியோட்டோ வழிகாட்டுதலின்படி, முதன்மை நாளம் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்திருந்தால் உயர் ஆபத்து. படம் எடுக்கும்போது செலுத்தும் சாயத்தை ஏற்கும் முண்டு 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், நீர்ப்பை தலைப்பகுதியில் இருந்து காமாலை வந்தாலும், செல் பரிசோதனை சந்தேகமாகவோ புற்றுநோயாகவோ வந்தாலும் அதே வகை. நீர்ப்பை 30 மில்லிமீட்டரைத் தொடுவது, ஓராண்டுக்குள் நீரிழிவு புதிதாகத் தொடங்குவது, கணைய அழற்சி, ஆண்டுக்கு 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்வது ஆகியவை கவலைக்குறிகள். நாள விரிவு மட்டுமே இவரை அறுவைச் சிகிச்சைப் பரிசீலனைக்குக் கொண்டுவரப் போதும். அப்படியானால் மேலும் ஏன் சோதிக்க வேண்டும்? தலைப்பகுதியை அகற்றுவது பெரிய அறுவை. எந்த வகைச் சளிக்கட்டி, ஏற்கெனவே ஊடுருவியிருக்கிறதா, கணையத்தில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பவற்றை முடிந்தவரை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

முண்டா, சளி உருண்டையா?

எண்டோஸ்கோப் முன்சிறுகுடலை எட்டியதும், நாளம் திறக்கும் முகப்பு மீன் வாய்போல் அகன்று அதிலிருந்து கெட்டிச் சளி பிதுங்கியது. இந்தக் காட்சியே ஐபிஎம்என்னை ஏறக்குறைய உறுதிசெய்துவிடும்.

எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் அந்த இரண்டு முண்டுகளும் வேறுவேறாகத் தெரிந்தன. பெரியதான 9 மில்லிமீட்டர் முண்டின் விளிம்பு வழவழப்பாக, வெண்மையான வளையம்போல் இருந்தது, நடுப்பகுதி கருமை. நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தபோது இடம் மாறியது. நுண்குமிழிச் சாயம் செலுத்தியும் அதனுள் இரத்த ஓட்டம் தெரியவில்லை. அது திரண்ட மியூசின் உருண்டை. 7 மில்லிமீட்டர் முண்டு விளிம்பு ஒழுங்கற்றது, வெண்வளையம் இல்லாதது, அசையாதது, சாயத்தை ஏற்றது. அது திசு. அளவை மட்டும் பார்த்திருந்தால் கவனம் முழுவதும் பெரிய உருண்டையின் மேல் போயிருக்கும், ஊசியும் அதற்குள்தான் போயிருக்கும். படம் பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் இது. முண்டு என்று எழுதுவதற்கு முன் அசைவையும் இரத்த ஓட்டத்தையும் பார்த்துவிட வேண்டும்.

ஊசியில் வந்த திரவம்

22 கேஜ் ஊசியில் முதலில் எதுவும் வரவில்லை. மியூசின் கெட்டியாக இருந்தால் இது வழக்கம்தான். வேகமாக உறிஞ்சினால் நீர்ப்பையின் சுவர் ஊசி வாயில் ஒட்டிக்கொள்ளும். பொறுமையாக உறிஞ்ச வேண்டும், அல்லது 19 கேஜ் ஊசிக்கு மாற வேண்டும். இங்கே மாற்றிய பிறகு 1.5 மில்லிலிட்டர் கிடைத்தது.

சிறிய அளவு கிடைக்கும்போது எதற்கு முன்னுரிமை என்பதை ஊசி போடுமுன்பே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். ஒரு துளியை இரு விரல்களுக்கிடையே வைத்து மெதுவாக விரித்தால் நூல்போல் இழுபடுகிறதா என்று பார்ப்பது செலவே இல்லாத சோதனை. 1 சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீண்டு, 1 நொடியாவது அறாமல் நின்றால் மியூசின் இருக்கிறது என்று கொள்ளலாம். இங்கே 3 சென்டிமீட்டர் நீண்டது. அடுத்து சில துளிகளில் குளுக்கோஸ்: டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சளிக்கட்டிப் பக்கம் சாயும், இங்கே 20க்கும் கீழே. பிறகு, சளிக்கட்டித் திரவத்தில் கூடும் புரதமான சிஇஏ: மில்லிலிட்டருக்கு 410 நானோகிராம். 2004இல் வெளியான பல மைய ஆய்வு, மில்லிலிட்டருக்கு 192 நானோகிராம் என்ற வரம்பு சளி நீர்ப்பைகளை 79 விழுக்காடு சரியாகப் பிரிக்கிறது என்று காட்டியது. அந்த எண் சளிக்கட்டியா இல்லையா என்பதை மட்டுமே சொல்கிறது. புற்றுநோயாக மாறிவிட்டதா என்பதை அது சொல்லாது. 4,000 என்று வந்தாலும் சாதாரண ஐபிஎம்என்னாக இருக்கலாம்.

இந்த அளவீட்டில் ஆய்வகம் தவறுவதற்கு மியூசினே காரணமாகிறது. கெட்டித் திரவத்தைச் சாதாரண பிப்பெட்டால் எடுத்தால் காற்றுக் குமிழி சேர்ந்து அளவு குறையும். கருவியின் உறிஞ்சுகுழாய் அடைபட்டால் பொய்யாகக் குறைந்த எண் வரும். உந்துதண்டு திரவத்தையே நேரடியாகத் தள்ளும் பிப்பெட்டைப் பயன்படுத்தி, நீர்க்கச் செய்து, இரண்டு வெவ்வேறு நீர்ப்பில் அளந்து ஒப்பிடுவது நல்லது. மிக அதிகச் சிஇஏ உள்ள திரவத்தை நீர்க்கவிடாமல் அளந்தால், சோதனையின் ஆன்டிபாடிகள் நிரம்பிவழிந்து எண் தலைகீழாகக் குறையக்கூடும் என்பதற்கும் இதுவே மருந்து. கெட்டித்தன்மையைக் குறைக்க டைத்தயோத்ரைட்டால் சேர்க்கலாம், அது மியூசின் வலையின் டைசல்ஃபைடு பிணைப்புகளை வெட்டும். ஆனால் ஆன்டிபாடிகளும் அதே வகைப் பிணைப்புகளால்தான் கட்டப்பட்டவை. எனவே அதைச் செல்களைப் பிரிக்கும் குழாயில் மட்டும் சேர்க்க வேண்டும், சிஇஏ அளக்கும் குழாயில் சேர்க்கவே கூடாது.

செல் பரிசோதனையில் கெட்டி மியூசினும் அதனுள் ஒரு சில கோப்பைச் செல்களும் (கோப்பை வடிவில் சளி நிறைந்த செல்கள்). கோப்பைச் செல்கள் மியூசின்-2 சாயத்தை ஏற்றன. இதைக் கண்டு 'குடல்வகைக் கட்டி' என்று எழுதிவிட முடியாது. தலைப்பகுதிக் கட்டியை ஊசி முன்சிறுகுடல் சுவர் வழியாகத்தான் எட்டுகிறது. அந்தச் சுவரிலேயே மியூசின்-2 சுரக்கும் கோப்பைச் செல்களும், மியூசின்-6 சுரக்கும் புருன்னர் சுரப்பிகளும் உள்ளன. இரைப்பை வழியாகக் குத்தினால் இரைப்பை மேற்பரப்பின் மியூசின்-5ஏசி ஒட்டிக்கொண்டு வரும். ஊசி எந்த வழியாகச் சென்றது என்பதை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால், நோய்க்குறியியலாளர் சரியாகவே பார்த்தும் தவறான பதிலை எழுதுவார்.

மீதத் திரவத்தில் மரபணுச் சோதனை செய்யப்பட்டது. ஜினாஸ் மரபணுவில் 201ஆம் இடத்து ஆர்ஜினைன், ஹிஸ்டிடினாக மாறியிருந்தது. 2011இல் வெளியான ஆய்வில் ஐபிஎம்என்களில் 96 விழுக்காட்டில் கேராஸ் அல்லது ஜினாஸ் மரபணுவில் மாற்றம் இருந்தது; ஜினாஸ் மட்டும் 66 விழுக்காடு. ஜினாஸ் மாற்றம் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் உற்பத்தியை நிறுத்தாமல் ஓடவைக்கும், அதன் விளைவாக மியூசின் சுரப்பும் கூடும். நாளம் ஏன் இவ்வளவு சளியால் வீங்கியது என்பதற்கு வேரில் உள்ள விளக்கம் இது.

சிஏ 19-9 ஏன் வாய் திறக்கவில்லை

கணையப் புற்றுநோய்க்கு வழக்கமாகப் பார்க்கும் இரத்த அடையாளமான சிஏ 19-9 அளவு மில்லிலிட்டருக்கு 1 அலகுக்கும் கீழே. 37 வரை இயல்பு. இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வது எளிது, அதுதான் ஆபத்து. சிஏ 19-9 என்பது ஒரு சர்க்கரை அமைப்பின் பெயர், சயலில் லூயிஸ்-ஏ. அது மியூசின்-1, மியூசின்-5ஏசி, மியூசின்-16 போன்ற பல புரதங்களின் மேல் ஏறிச் சுற்றுகிறது. அதைக் கட்ட லூயிஸ் மரபணு தரும் நொதி வேண்டும். மக்களில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அந்த நொதி செயல்படுவதில்லை. அவர்களுக்குக் கணையத்தில் எவ்வளவு பெரிய புற்றுநோய் இருந்தாலும் இந்த எண் அசையாது. அளவிட முடியாத அளவுக்குக் குறைவாக வந்தால், 'இயல்பு' என்று எழுதுவதற்கு முன் இந்த வாய்ப்பை நினைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், பித்தநாள அடைப்பு மட்டுமே இருந்தாலும் எண் பல மடங்கு ஏறும்.

மியூசின்களைப் பற்றிப் பேசும்போது தொடர்ந்து நேரும் குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மியூசின் என்று சொல்வது புரத முதுகெலும்பு ஒன்றும் அதன் மேல் அடர்ந்து தொங்கும் ஆயிரக்கணக்கான சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த பொருள். புரதத்தை ஒரு மரபணு தீர்மானிக்கிறது. சர்க்கரையை அந்தச் செல்லில் அன்று எந்த நொதிகள் இருக்கின்றன என்பது தீர்மானிக்கிறது. புற்றுநோயில் இரண்டும் தனித்தனியாக மாறக்கூடும். மூன்றாவதாக, அந்த மூலக்கூறு செல்லின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்பதும் மாறும். 'மியூசின்-1 பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிய அறிக்கை இம்மூன்றில் ஒன்றைக்கூட முழுதாகச் சொல்வதில்லை.

மியூசின்-1 செல்லுக்குள் செய்யும் வேலை

மியூசின்கள் இரு கூட்டம். மியூசின்-2, 5ஏசி, 5பி, 6 ஆகிய நான்கும் 11ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ள மரபணுக்களிலிருந்து வந்து, வெளியே கொட்டிச் சளியாகத் திரள்பவை. மியூசின்-1, 4, 16 ஆகியவை செல் சவ்வில் வேரூன்றி நிற்பவை.

மியூசின்-1இன் வெளிப்பகுதியில் 20 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டு ஒன்று பல பத்து முறை திரும்பத் திரும்ப வருகிறது. எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வொரு துண்டிலும் சர்க்கரை ஏறக்கூடிய இடங்கள் 5. இந்த நீண்ட கம்பம் சவ்விலிருந்து 200 முதல் 500 நானோமீட்டர் வரை எழுந்து நிற்கும். இயல்பான நாளச் செல்லில் அது நாளத்தின் உட்குழியை நோக்கிய குழிப்பக்கத்தில் மட்டும் இருக்கும், செரிமான நொதிகளும் நுண்ணுயிரிகளும் சவ்வைத் தொடாமல் காக்கும். உருவாகும்போதே அது தன்னைத்தானே ஓரிடத்தில் வெட்டிக்கொள்கிறது, ஆனாலும் இரு துண்டுகளும் பிரியாமல் ஒட்டியே நிற்கின்றன. வெளித்துண்டு கழன்று போனால், சவ்வில் மிஞ்சும் சிறு துண்டு 58 அமினோ அமில வெளிப்பகுதி, சவ்வைத் துளைக்கும் 28, உள்வால் 72 என்ற அளவில் இருக்கும்.

புற்றுநோய்க்குள் கதை இந்த 72 அமினோ அமில வாலைச் சுற்றித்தான் ஓடுகிறது. செல் தன் மேல், கீழ் என்ற திசையை இழந்தவுடன் மியூசின்-1 எல்லாப் பக்கமும் பரவுகிறது. இயல்பில் பக்கச்சுவரில் இருக்கும் வளர்ச்சிக் காரணி ஏற்பியான இஜிஎஃப்ஆரும் அதுவும் அதுவரை சந்தித்ததில்லை. இப்போது சந்திக்கின்றன. வாலின் டைரோசின்களில் பாஸ்பேட் ஏறுகிறது. செல்களை ஒன்றோடொன்று பிணைத்துவைக்கும் பீட்டா-கேட்டினின் வாலோடு ஒட்டுகிறது, அந்தக் கூட்டு உட்கருவுக்குள் சென்று வளர்ச்சி மரபணுக்களைத் தூண்டுகிறது. வெளியே அந்த நெடுங்கம்பம் பக்கத்துச் செல்லை நெருங்கவிடாமல் தள்ளிவைக்கிறது. கம்பங்கள் அடர்ந்திருக்கும் சவ்வில், பற்றிக்கொள்ளும் இன்டெக்ரின்கள் கம்பமில்லாத இடங்களில் கொத்தாகக் குவிந்து வலுவான வளர்ச்சிச் சமிக்ஞை தருகின்றன என்பது 2014இல் காட்டப்பட்டது. 1995இலேயே, இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளில் மார்பகக் கட்டி மெதுவாகவே வளர்ந்தது காணப்பட்டது. எனவே இதை வெறும் அடையாளக்குறி என்று ஒதுக்க முடியாது.

சர்க்கரையின் மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. இயல்பான செல்லில் முதலில் ஏறும் என்-அசிட்டைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரையின் மேல் கேலக்டோஸ் சேர்த்து நீண்ட, கிளைவிட்ட சங்கிலி கட்டப்படும். அதைச் சேர்க்கும் நொதிக்குக் காஸ்ம்க் என்ற உதவிப் புரதம் இல்லாவிட்டால் நொதி மடங்காமல் கெட்டு அழிந்துபோகும், சங்கிலி ஒரே கண்ணியோடு நின்றுவிடும். இதுதான் டிஎன் அமைப்பு. அதன் மேல் நேரடியாகச் சயாலிக் அமிலம் ஏறினால் மேற்கொண்டு நீளவே வழியில்லை, அது சயலில்-டிஎன். இப்படிக் குட்டையான சங்கிலிகளால் இதுவரை மறைந்திருந்த புரத முதுகு வெளியே தெரிகிறது. குட்டைச் சங்கிலிகளே நோய் எதிர்ப்புச் செல்களின் சிக்லெக் ஏற்பிகளில் ஒட்டி அவற்றை அடக்கவும் செய்கின்றன.

மியூசின்-2 இதற்கு நேர்மாறான பாடம் சொல்கிறது. குடலின் காவற்சளி அதுதான். அதன் மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் குடலில் கட்டிகள் உருவாகின்றன என்று 2002இல் காட்டப்பட்டது. ஒரு மியூசின் இருப்பதால் தீமை, இன்னொன்று இல்லாததால் தீமை. இதனாலேயே 'மியூசின் கூடினால் புற்றுநோய்' என்ற ஒற்றை வாக்கியம் எங்கும் பொருந்தாது.

அறுவைக்குப் பின் மேசையில்

கணையத் தலையும் முன்சிறுகுடலும் சேர்த்து அகற்றப்பட்டன. அறுவையின் நடுவே வெட்டுமுனை உறைவெட்டில், அதாவது திசுவை உடனே உறையவைத்து மெல்லியதாக வெட்டி, பார்க்கப்பட்டது. வெட்டுமுனையில் நாளத்தின் உட்பூச்சுச் செல்கள் உதிர்ந்துபோயிருந்தால் அதை 'கட்டி இல்லை' என்று சொல்லக் கூடாது. நோய்ப்பட்ட பூச்சு எளிதில் உதிரும். இங்கே முதல் வெட்டில் பாதிச் சுற்றளவு வெறுமையாக இருந்ததால் ஆழமான வெட்டுகள் கேட்கப்பட்டன. அவற்றில் குறைநிலை மாற்றம் (செல்களின் லேசான பிறழ்வு) மட்டும் தெரிந்தது. குறைநிலை மாற்றத்துக்காக மேலும் கணையத்தை வெட்ட வேண்டியதில்லை.

மாதிரியைப் பதப்படுத்துவதில் மியூசின் மீண்டும் குறுக்கே வந்தது. நாளம் வழியாக ஃபார்மலின் செலுத்தினால் சளி அடைப்புக்கு அப்பால் அது போவதில்லை, உட்பகுதி அழுகத் தொடங்கும். நாளத்தை மெல்லிய கம்பியின் வழியே திறந்து, சளியை நனைந்த துணியால் மெதுவாக விலக்கி, பிறகு 10 விழுக்காட்டு நடுநிலை ஃபார்மலினில் ஊறவைத்தார்கள். குழாயடியில் பிடித்துக் கழுவினால் விரல்மடிப்புகள் கழன்று போகும், அங்கேதான் உயர்நிலை மாற்றம் இருக்கும். மறுநாள் 4 மில்லிமீட்டர் வில்லைகளாக அறுத்து, கட்டிப் பகுதி ஒரு துண்டும் விடாமல் மெழுகுக் கட்டைகளாக்கப்பட்டது. சளிப்படலத்தையே ஆராய்வதாக இருந்தால் ஃபார்மலின் உதவாது. 60 விழுக்காடு மெத்தனால், 30 குளோரோஃபார்ம், 10 அசிட்டிக் அமிலம் கலந்த மெத்தாகார்ன் வேண்டும். அன்றாட நோய்க்கணிப்புக்கு அது தேவையில்லை.

முதற்சாயம் ஆல்சியன் நீலமும் பிஏஎஸும். 3 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தில் 3 நிமிடம், பிஎச் 2.5இல் 1 விழுக்காட்டு ஆல்சியன் நீலத்தில் 30 நிமிடம், கழுவி, 0.5 விழுக்காட்டுப் பெரயோடிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம், ஷிஃப் கரைசலில் 15 நிமிடம், ஓடும் நீரில் 10 நிமிடம். அமில மியூசின் நீலமாக, நடுநிலை மியூசின் ஊதாச்சிவப்பாக விழும். கிளைக்கோஜனும் சிவப்பாகும் என்பதால் கிளைக்கோஜனைச் செரிக்கும் டயஸ்டேஸ் நொதி இட்ட இணைவெட்டு கட்டாயம். பிஎச் அளவைப் புட்டி திறக்கும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டும். அது 1 பக்கம் இறங்கிவிட்டால் சயாலிக் அமில மியூசின் சாயமே ஏற்காது, சல்ஃபேட் மியூசின் மட்டும் தெரியும்.

ஆன்டிபாடிச் சாயங்களில் கட்டியின் பெரும்பகுதி மியூசின்-2, மியூசின்-5ஏசி, குடல் செல்களின் அடையாளமான சிடிஎக்ஸ்2 ஆகியவற்றின் சாயத்தை ஏற்றது, மியூசின்-1 இல்லை. இது குடல்வகை ஐபிஎம்என். இரைப்பைவகையில் 5ஏசி மட்டுமே பரவலாக இருக்கும், ஆழச்சுரப்பிகளில் 6 சேரலாம், 2 இராது. கணைய-பித்தநாள வகையில் 1ம் 5ஏசியும் இருக்கும், 2 இராது. 5ஏசி மூன்றிலும் வருவதால் அது வகை பிரிக்க உதவாது, கட்டி இருக்கிறது என்பதற்கே சாட்சி: இயல்பான கணைய நாளத்தில் அது இருப்பதில்லை.

மியூசின்-2 சாயத்தைப் படிக்கும்போது புதியவர்கள் ஏமாறுவார்கள். புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் துண்டுக்கு எதிராக உருவாக்கிய ஆன்டிபாடி, சர்க்கரை ஏறாத இளம் புரதத்தையே பிடிக்கும். அதனால் சளி நிறைந்த குமிழி வெறுமையாகவும் உட்கருவைச் சுற்றி மட்டும் பழுப்பாகவும் தெரியும். அதை எதிர்மறை என்று எழுதிவிடக் கூடாது. மியூசின்-1 ஆன்டிபாடிகளிலும் இதே சிக்கல்தான். சில புரதத்தைப் பிடிக்கும், சில குறிப்பிட்ட சர்க்கரை இருந்தால் மட்டுமே பிடிக்கும். இரு ஆய்வகங்களின் முடிவு முரண்பட்டால் முதலில் கேட்க வேண்டியது எந்தக் குளோன், அதாவது எந்த ஆன்டிபாடி வகை, என்பதே.

திசுவுக்குள் தேங்கிய மியூசின்

மூன்று கட்டைகளில் நாளத்துக்கு வெளியே, நாரிழைத் திசுவுக்குள் மியூசின் குளங்கள் தெரிந்தன. கருத்து வேறுபாடு எழுந்தது இங்கேதான். விரிந்த நாளம் வெடித்தால் சளி கசிந்து திசுவில் தேங்கும், அது புற்றுநோய் அல்ல. ஊடுருவிய கொல்லாய்டு புற்றுநோயும் மியூசின் குளமாகவே தெரியும். முன்னதில் பக்கத்திலேயே உடைந்த நாளமும் அழற்சிச் செல்களும் இருக்கும், குளத்துக்குள் செல்கள் இரா. பின்னதில் குளத்துக்குள் கட்டிச் செல்கள் கொத்தாகவோ வளையமாகவோ மிதக்கும், அல்லது குளத்தின் ஓரத்தை ஆங்காங்கே ஒட்டியிருக்கும்.

இரு கட்டைகளில் அடுத்தடுத்த ஆழங்களில் வெட்டி, கெரட்டின் சாயமும் போட்டுப் பார்த்தும் செல் எதுவும் இல்லை. வெடித்த நாளம் அருகிலேயே இருந்தது. மூன்றாவதில் நான்காம் ஆழத்தில் செல்கள் மிதந்தன. நாளத்திலிருந்து தள்ளி, நரம்பு ஒன்றைச் சூழ்ந்திருந்தது அந்தக் குளம். முதல் வெட்டோடு நிறுத்தியிருந்தால் இது கசிவு என்றே முடிந்திருக்கும்.

மிதந்த செல்களில் மியூசின்-2 வலுவாக இருந்தது. சளி செல்லின் குழிப்பக்கத்தில் சுரக்காமல் திசுப்பக்கம் சுரந்திருந்தது, திசை புரண்டுவிட்டது. இந்தக் கெட்டிக் குளமே செல்களைச் சூழ்ந்து அடைத்து, பரவலைத் தாமதப்படுத்துகிறது என்பது கொல்லாய்டு வகை, வழக்கமான குழாய்வகைக் கணையப் புற்றுநோயைவிட மெதுவாகப் போவதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஊடுருவிய பகுதியில் 80 விழுக்காடாவது இப்படி இருந்தால்தான் கணையத்தில் கொல்லாய்டு என்று பெயரிடலாம். குடலில் இதே போன்ற பெயருக்கு வரம்பு 50 விழுக்காடு. உறுப்பை மாற்றி எண்ணைக் கொண்டுபோகக் கூடாது.

அளவிலும் ஒரு தவறு நேரும். நீர்ப்பை 34 மில்லிமீட்டர் என்பதால் அதையே புற்றுநோயின் அளவாக எழுதுவார்கள். ஊடுருவிய பகுதியை மட்டுமே அளக்க வேண்டும், மிதக்கும் செல்களுள்ள குளங்களைச் சேர்த்து. இங்கே அது 9 மில்லிமீட்டர், எனவே கட்டியின் அளவுநிலை பிடி1பி. அகற்றிய நிணநீர் முடிச்சுகள் எதிலும் கட்டி இல்லை.

அறிக்கையில் போனவையும் தொடர்கண்காணிப்பும்

இறுதி அறிக்கையில் வகை, நிலை, ஊடுருவல் அளவு, வெட்டுமுனை ஆகியவற்றோடு ஒவ்வொரு மியூசினுக்கும் மூன்று சொற்கள் சேர்ந்தன: எவ்வளவு செல்களில், செல்லின் எந்தப் பக்கத்தில், எந்த ஆன்டிபாடிக் குளோனால். அறுவைக்குப் பின் தரும் துணைமருந்து பற்றிய முடிவு புற்றுநோய்க் குழுவுக்குச் சென்றது. இந்த வகைக்கெனப் பெரிய சோதனைகள் இல்லாததால் வழக்கமான கணையப் புற்றுநோயின் தரவை வைத்தே குழுக்கள் முடிவெடுக்கின்றன. மியூசின்-1ஐக் குறிவைத்த சிகிச்சைகளால் எளிய தீர்வு இன்னும் வரவில்லை. அந்த வகைத் தடுப்பூசியான டெசெமோடைட், நுரையீரல் புற்றுநோயில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் ஒட்டுமொத்த ஆயுளை நீட்டவில்லை என்று 2014இல் வெளியானது. இவர் கட்டியிலோ மியூசின்-1 இல்லவே இல்லை.

மிஞ்சிய கணையத்தில் புதிய கட்டி முளைக்க வாய்ப்பு உண்டு. ஐபிஎம்என் ஒரே இடத்து நோய் அல்ல, நாளம் முழுவதற்குமான நோயாகவும் இருக்கலாம். அதனால் தொடக்கத்தில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை படம் எடுத்து, பிறகும் உடல்நிலை அறுவையைத் தாங்கும் வரை நிறுத்தாமல் பார்க்க வேண்டும். கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு வரி தனியாக எழுதி ஒட்டப்பட்டது: 'சிஏ 19-9 இவருக்குப் பயன்படாது, படத்தையும் சிஇஏவையும் மட்டும் பார்க்கவும்.' அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவர் அந்த எண்ணைக் கேட்டு, 1க்கும் கீழே என்று கண்டு, படத்தைத் தள்ளிப்போட்டுவிடாமல் இருக்க அந்த வரி தேவைப்பட்டது.